ஒயரைப் பிடிக்க ஒரு ஆள்

அந்தக் கதவு மெதுவாச் சாத்துனா சாத்தாதுங்க சார், சித்தத் தூக்கி அடிங்க. ஆங், அவ்வளவுதான். பையைப் பின்னால போட்டுருங்க. பெல்ட்டு போட்டுக்கங்க, உங்க பக்கத்து பெல்ட்டு நல்லாருக்கும், என்ற பக்கத்ததுதான் எலி கடிச்சிருச்சு. பொள்ளாச்சிதானுங்களே? நானும் அங்கதான் போறேன். கடைசி பஸ்ஸு ரிப்பேராகி நின்னுபோச்சு, நீங்க ஒத்தையா அந்த பஸ் ஸ்டாண்டுல பையைக் கட்டிப் புடிச்சுட்டு நின்னீங்க, பாவமா இருந்துச்சு. அதான் ஏத்திக்கிட்டேன். காசெல்லாம் வேண்டாமுங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணோணும்.

இந்தாங்க, மடியில வெச்சுக்கங்க. இது பாட்டுப் பொட்டி. தீப்பெட்டி அகலந்தான் இருக்குது, உள்ள ஆயிரம் பாட்டு இருக்குதாம். நம்ம காருல இருக்கற பாட்டு செட்டு பழசுங்க, பெண்டிரைவ் சொருகற எடமெல்லாம் அதுல கெடையாது. மலைக்குள்ள போனா ரேடியோவும் எடுக்காது. கீழ பாருங்க, மூக்குத் தொளையாட்டம் ஒரு ஓட்டை இருக்குதுங்களா? இந்த ஒயர்ல ஒரு முனையைப் பொட்டியில சொருகிட்டு இன்னொரு முனையை அதுல சொருகுங்க. டக்குனு ஒரு சத்தம் வரோணும். வந்துச்சுங்களா? சரி. இப்ப முக்கியமான சங்கதி. சொருகிட்டு அந்த ஒயரை உட்டறக் கூடாது. அடிவாரம் போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு வெரல்ல புடிச்சுட்டே வரோணும். அது லூசு. உட்டா பாட்டு நின்னு போயிரும். எப்பவும் எங்கூட்டுக்காரி சம்பூரணந்தான் புடிச்சுட்டு வருவா. பொட்டியை மடியில வெச்சு, மேல ஒரு துண்டைப் போட்டு மூடி, கையை உள்ள உட்டுப் புடிச்சுக்குவா. உங்களுக்குத் துண்டு வேணுங்களா? வேண்டாங்களா, சரி.

எடுக்கலாங்களா? புடிச்சுக்கங்க. கதவை இல்லீங்க சார், ஒயரை.

பயப்படாதீங்க. செந்நாய்ப்பாறை எஸ்டேட்டுல கொழுந்து லாரி ஓட்டுனவன் நானு. நாச்சிமுத்து டிரைவர்னு வால்பாறையில ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆக்சிடெண்ட்டுன்னு என்ற பேர்ல ஒரு கேசு கெடையாது. போன மழைக்கு ஒரு மாடு உழுந்துச்சு, அது மாட்டோட தப்பு. சைடு கண்ணாடி போனது டீக்கடைக்காரன் பெஞ்சைக் கொண்டாந்து ரோட்டு மேல போட்டதுனால. அப்புறம் ஒரு செவுரு. சரி, செவுரு எங்கயும் நடந்து வராதுதான். அன்னைக்கு ஒரே வெயிலுங்க, கண்ணு கூசிப்போச்சு.

எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில கண்ணு கேம்ப்பு போட்டாங்க. வெளிச்சம் அடிச்சுப் பாத்துட்டு உடனே ஆபரேசனுங்கறான் ஒரு சின்னப் பையன். மீசை கூட மொளைக்கல. கேம்ப்புன்னா ஆளு சேக்கோணுமில்லீங்க, அவிய பொழப்பு அப்படி. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

முன்னால போறது லாரிங்களா, பஸ்ஸுங்களா? ஒண்ணுமே போகலீங்களா? மரமா? சரி சரி, சும்மாக் கேட்டேன். இந்தக் கண்ணாடி பாருங்க ஒரே மங்கலு. அந்தத் துணியில உங்க பக்கம் சித்தத் தொடைங்க. சுத்தமா இருக்குதுங்களா? அப்ப என்ற பக்கந்தான். காலையிலிருந்து தொடைக்கறேன், போகவே மாட்டேங்குது.

சம்பூரணம் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில இருக்கறாங்க. சொல்லோணும்னு இல்ல, இருந்தாலும் சொல்றேன். காத்தால அடுப்படியில நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டா. வேர்வைன்னா வேர்வை, சேலை நனைஞ்சு போச்சு. நல்லவேளை மக மேகலா லீவுக்கு வந்திருந்தா. அவதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டா. கூட ஒரு ஆளுதான் ஏறலாம்னுட்டாங்க. நீ போ சாமி, நான் காரை எடுத்துட்டுப் பின்னாலயே வாரேன்னு சொன்னேன். அந்த நெலமையிலும் சம்பூரணம் என்ன பண்ணுனா தெரியுங்களா? மூக்குல வெச்ச மூடியை எடுத்துட்டு, அலமாரியிலிருந்து இந்தப் பொட்டியை எடுத்துட்டு வரச் சொல்லி என்ற கையில குடுத்தா. "ஒயரைப் புடிக்க ஆளில்லாம வந்தராதீங்க"ன்னா. உசுரு போற நேரத்துல பாட்டுப் பைத்தியம். எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் அழுகை.

பெறகு மேகலா போன் பண்ணுனா. அடைப்பாம், இன்னைக்கே ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போகோணும்னு டாக்டர் சொல்லீட்டாராம். சம்பூரணம் போக மாட்டேங்கறாளாம். அப்பா எங்க இருக்காரு, அப்பா எங்க இருக்காருன்னு அதையே கேக்கறாளாம். நான் மலை எறங்கிட்டேன்னு தெரியாம கட்டில்லயிருந்து நகர மாட்டேன்னு அடம். காரை எடுக்க வேண்டாம், பஸ்ஸுல வரச் சொல்லுன்னு வேற சொன்னாளாம். பாருங்க சார், இப்பவும் பெட்ரோல் செலவு பாக்கறா. அப்படிக் கணக்குப் பாத்துப் பாத்துத்தான் குடும்பத்தைக் கொண்டாந்தா, அதைச் சொல்லோணும். டாக்டர் நேரமாக ஆக ஆபத்துங்கறாராம். நான் போய் நின்னாத்தான் அவ உள்ள போவா.

இருங்க, வளைவு. பாட்டு மாறுதுங்களா? மாறுச்சு. பொம்பளைக் குரல். எடது. பாத்தீங்களா, பாத்தீங்களா? எடதுதான. அதான் நான் சொல்ல வந்தது.

நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பொட்டிக்கு ரோடு தெரியுமுங்க. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? இப்பப் போன்ல ஒரு பொம்பளை எடது போ, வலது போன்னு சொல்லுதில்லீங்களா, அதாட்டம் இது பாட்டுலயே சொல்லும். ரோடு நேராப் போனா நாயனம். எடது வளைவு வருதுன்னா சித்த முன்னாலயே நாயனம் நின்னு பொம்பளைக் குரல்ல அம்மன் பாட்டு வரும். வலதுன்னா ஆம்பளைக் குரல்ல முருகன் பாட்டு. மாடு கன்னு, ஆளு, எதுத்தாப்புல வண்டி, எது வந்தாலும் உருமி மேளம். வளைவு தாண்டிட்டா மறுபடி நாயனம். ஒருக்காக் கூடத் தப்புனதில்லீங்க. நானாத்தான் கண்டுபுடிச்சேன். ஏன்டி, பொட்டிக்கு ரோடு தெரியுதுன்னு சம்பூரணங்கிட்டச் சொன்னேன். "அப்படிங்களா, இருக்கும்"னு துண்டைப் பாத்துட்டே சொன்னா. அவளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் ஓடாதுங்க. டீக்கடையில சொன்னேன், அவனுகளும் நம்பல.

எனக்கு அது தேவையில்லைன்னு வெச்சுக்கங்க. இந்த நாப்பது வளைவும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா மஞ்சு எறங்கி ரோடு மறைஞ்சுதுன்னா, பொழுது சாஞ்சா, ஒரு தொணைக்கு நல்லாருக்கும். கை தானாப் பாட்டைக் கேட்டுத் திரும்பிரும்.

இதுக்கு முன்னால வாயாலயே சொல்லீட்டு வருவாங்க அவ. அது ஒரு ரோதனை. வலது வருதுங்க, கல்லு கெடக்குதுங்க, பாத்துங்க, ஆளு நடக்கறாங்க பாத்துங்க. லாரி ஓட்டுனவனுக்கு பால்வாடி டீச்சராட்டம் ரோடு சொல்லித் தரா. ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்கு மச்சான் பொண்டாட்டியெல்லாம் ஏத்திட்டு வாரேன், அவிய முன்னாலயும் அப்படியே. பின்னால அவிய சிரிக்கறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கம்முனு வாடி, இன்னொருக்கா வாயத் தொறந்தா எறக்கி உட்டுருவேன்னேன். அடுத்த வளைவுல, "ஏனுங்க, பாலம்"னா. நிறுத்தி எறக்கி உட்டுட்டேன். மழை வேற. சும்மாச் சித்த தூரந்தான் போனேன், நின்னேன். அவ நடந்து வந்து ஏறுனா. பட்டுச்சேலை கால்ல சுத்திக்கிச்சு. அன்னையோட சரி, வண்டிக்குள்ள வாயே தொறக்கல. அந்த வாரமே மேகலாகிட்டக் கேட்டு இந்தப் பொட்டியை வாங்கிட்டா. எனக்கும் நிம்மதி. கண்டிப்பா இருந்தாத்தான் வழிக்கு வராங்க, என்ன சொல்றீங்க?

நீங்களும் கம்முனுதான் வாரீங்க. நல்லது. சித்த இருட்டிட்டு வருதுங்களோ? இல்லீங்களா, வெளிச்சம் இருக்குதுங்களா? ஓ, மஞ்சு. ஆமாமா, மஞ்சுதான் எறங்குது. லைட்டு போட்டுட்டேன். போட்டா முன்னால வெள்ளையா, சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் நிக்குது. இனித்தான் சார் வளைவு எல்லாம். ஒயரை நல்லாப் புடிச்சுக்கங்க. உங்க கை ஈரமா இருக்குதுங்களா? வேர்க்குதா? குளுருல வேர்க்குதுன்னா காய்ச்சலா இருக்கும், பாத்துக்கங்க.

நாயனம் ஓடுது. நேரா. ம். ரொம்ப நேரமா நாயனமே ஓடுது. இந்த எடத்துல ஒரு வளைவு இருக்கோணுமே. ஏதாச்சும் அமுக்குனீங்களா? சும்மா கையில வெச்சுட்டுத்தான் இருக்கீங்களா? சரி. சரி, அது பாத்துக்கும்.

உருமி. பிரேக்கு போட்டுட்டேன். என்ன வருது? ஒண்ணும் வரலீங்களா? நல்லாப் பாருங்க, உருமி அடிக்குதே. மாடு ஏதாச்சும்? மஞ்சுக்குள்ள வரையாடு நிக்கும் சில நேரம். இல்லீங்களா? ரோடு காலியா? அப்ப எதுக்கு அடிக்குது?

எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குதுங்க சார். ஏனுங்க, வேர்வை எனக்கும் வருது. பேசுனா சரியாயிரும். இதோ, மாறிருச்சு. பொம்பளைக் குரல். எடது. திருப்பறேன். வழிக்கு வந்திருச்சு பாருங்க. அம்மன் பாட்டு, எடது. ஏனுங்க கத்தறீங்க? ஸ்டீரிங்கை உடுங்க சார், பாட்டு எடதுங்குது, உடுங்க.

நின்னிருச்சுங்களா?

இருங்க. அசையாதீங்க. கை பிரேக்கு இழுத்துட்டேன். உங்க பக்கம் சன்னல்ல கீழ என்ன தெரியுது? மண்ணு தெரியுதுங்களா? இல்லீங்களா? வெள்ளையா? வெறும் வெள்ளையா? ரோடு வலதுங்களா போகுது? வலதா. கதவைத் தொறக்காதீங்க சார். சத்தியமாத் தொறக்காதீங்க. என்ற பக்கம் சாஞ்சு உக்காருங்க, என்ற மேல சாஞ்சாலும் பரவால்ல. ரிவர்ஸ் எடுக்கறேன். கிளச்சு நிக்க மாட்டேங்குது. சாமி. ஆத்தா. வருது. வருது. பின்னால சக்கரம் தார்ல ஏறிருச்சு. உங்களுக்கு மண்ணு தெரியுதுங்களா இப்ப? தெரியுதா? அழுகாதீங்க சார். நான் அழுகறேன்னுட்டு நீங்களும் அழுகாதீங்க.

சார். ஒரு நிமிசம். உங்க ரெண்டு கையும் எங்க இருக்குது? ஒண்ணு ஸ்டீரிங்குல. ஒண்ணு டேஷ்போர்டுல. அப்ப ஒயரை ஆரு புடிச்சிருக்கறது?

பாட்டு ஓடிட்டேதானுங்க இருக்குது.

கை அங்கயே இருக்கட்டும். தொடாதீங்க. நான் ஆட்டிப் பாக்கறேன். இப்படி. இழுத்து. மடக்கி. நிக்க மாட்டேங்குதே சார். லூசு இல்லீங்களே இது. நல்லா இறுக்கமா இருக்குது. இத்தனை நாளு அப்ப அவ எதைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா?

நீங்க எதையும் அமுக்கலைன்னீங்க. அமுக்காம உட்டா பாட்டு பாட்டுக்கு ஓடுது. பொட்டிக்கு ஒரு எழவும் தெரியாது. அந்தத் துண்டு. துண்டுக்கு அடியில கை ஆடிட்டே இருக்கும் சார். ஒயரைச் சரி பண்றான்னு நெனச்சேன். அவதான் மாத்திட்டு வந்திருக்கறா. ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு மாட்டுக்கும். முன்னால கண்ணு, மடியில கை. அடிவாரம் வந்தா வெரலை நீவி உட்டுக்குவா. ஏன்டி, ஒயரைப் புடிக்கறது ஒரு வேலையான்னு நான் கேலி பண்ணுவேன். வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னது நானு. வாயைத் தொறக்காமயே சொல்லியிருக்கறா.

காரை எடுக்க வேண்டாம்னு சொல்லி உட்டாளே, பெட்ரோலுக்கா சொன்னா? நான் எங்க இருக்கேன் எங்க இருக்கேன்னு அங்க கெடந்து கேக்கறாளே. மேகலா என்ன பதில் சொல்லுவா இப்ப? போனை எடுத்துப் பாருங்க, டவர் இருக்குதுங்களா? இல்லையா. இங்க இருக்காது.

நீங்க ஒண்ணு கேக்கலீங்க சார். ஆம்புலன்சு காத்தாலயே போச்சு, பின்னாலயே வாரேன்னு சொன்னவன் பொழுதோட வரைக்கும் என்ன பண்ணுனேன்னு நீங்க கேக்கவே இல்ல. காருக்குள்ள உக்காந்திருந்தேன். சாவியைப் போட்டுட்டு, கண்ணாடியைத் தொடைச்சுட்டு. பஸ்ஸுல ஏற வீராப்பு உடல, அந்தப் பக்கத்து சீட்டுல ஆளில்லாம எனக்கு வண்டி எடுக்கவும் வரல. பயம். பயம்னு எனக்கே தெரியல, நெஞ்சு வலியோன்னு நெனச்சேன். ஒயரைப் புடிக்க ஆளு வேணும்னு ரெண்டு மூணு பேரைக் கூப்புட்டுப் பாத்தேன். தெரிஞ்சவிய ஆரும் என்ற வண்டியில ஏறலீங்க. ஒருத்தரும் ஏறல. நீங்கதான் ஊருக்குப் புதுசு. பாவம்னு உங்களை ஏத்தலீங்க சார். அதான் உண்மை.

எனக்குக் கண்ணு தெரியலீங்க. சொல்லீட்டேன். எதுத்தாப்புல ஆளு நின்னா ஆருன்னு தெரியாது, அசைஞ்சாத்தான் ஆளுன்னே தெரியும்.

நீங்க ஓட்டுவீங்களா? ஸ்கூட்டர் மட்டுந்தானா. இந்தச் சரிவுல புதுக்கையில குடுக்க முடியாது. நிக்கலாம்னா, இந்த மஞ்சு இப்போதைக்குக் கலையாது, பின்னால வர்ற லாரிக்கு நம்ம வண்டி தெரியவும் தெரியாது. அடிச்சுத் தள்ளீட்டுப் போயிரும். இங்க நிக்கவும் பயம், போகவும் பயம். அங்க அவ கட்டில்ல கெடந்து அடம் புடிச்சுட்டு இருக்கறா. நான் எறங்கித்தான் ஆகோணும். இந்தக் கையும் காலும் லாரி ஓட்டுன கை காலுதானுங்க. அது பொய்யில்ல. கண்ணு ஒண்ணுதான் இல்ல. அதை நீங்க குடுங்க. ஆள் நடக்கற வேகத்துல போறேன், அதுக்கு மேல மிதிக்க மாட்டேன். கீழ செக்போஸ்ட்டு வந்ததும் சாவியை அங்க குடுத்துட்டு எறங்கிக்கலாம், பொள்ளாச்சிக்கு வேற வண்டி பாத்துக்கலாம். அங்கதான் டவரும் கெடைக்கும், அப்பா எறங்கிட்டாருன்னு மொதல்ல மேகலாவுக்குச் சொல்லிருவோம்.

அந்தப் பாட்டை நிறுத்திருங்க. ஒயரைப் புடுங்கிப் பைக்குள்ள போடுங்க. பொட்டியை பத்திரமா வெச்சுக்கங்க, அவகிட்டக் குடுக்கோணும். சன்னலை முழுசா எறக்குங்க. தலையை வெளிய நீட்டுங்க, குளுரும், பொறுத்துக்கங்க. வெள்ளைக் கோடு தெரியுதுங்களா? அதை உடாதீங்க. எடதுன்னா எடதுன்னு சொல்லுங்க. வலதுன்னா வலது. கல்லுன்னா கல்லு. எனக்குத் தெரியும்னு நெனச்சு எதையும் உட்டறாதீங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது.

எடுக்கறேன்.

நேராங்களா? சரி. நேரா. வலதா? எவ்வளவு? இன்னும்? சரீங்க. நேரா. பாலமா? வரட்டும். நேரா. அடுத்தது? அடுத்தது என்னங்க? ஏனுங்க நிறுத்திட்டீங்க? கம்முனு வராதீங்க சார். சத்தமாச் சொல்லுங்க. சொல்லீட்டே வாங்க. நான் வைய மாட்டேன்.